பிள்ளை மறந்தது பிழையா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை. சுப்ஹு தொழுகைக்குப் பின் நமது ஹிஃப்ழு வகுப்பில் மாணவர்கள் வரிசையாக வந்து சபக் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து வந்து ஓதும் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் நம் முன் அமர்ந்தான். சூரத்துந் நஹ்லில் ஒரு பக்கம் அவனுடைய அன்றைய பாடம். முதல் இரண்டு ஆயத்துகளைத் தடையின்றி ஓதினான். மூன்றாவதில் நின்றுவிட்டான். எடுத்துக் கொடுத்தோம், இரண்டு சொற்கள் ஓதி மறுபடியும் நின்றான். "நேற்று முழுவதும் விளையாட்டுத்தானா?" என்று அதட்டினோம். "இல்லை ஹஜ்ரத், பாடம் பண்ணினேன்" என்றான். பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினோம். மறந்ததற்கு ஒன்று, பொய்க்கு ஒன்று என இரண்டு அடி கொடுத்து அனுப்பினோம்.

அன்று அஸருக்குப் பின் அவனுடைய தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். கோபமாக வரவில்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார். "ஹஜ்ரத், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் முழிச்சிருந்து, பார்க்காம மூணு தடவை என்கிட்ட ஓதினான். ஒரு இடத்துலயும் நிக்கல. பொய் மட்டும் சொல்ல மாட்டான்."

அந்தத் தாய் சொன்னது உண்மை. காலையில் நம் முன் அவன் திக்கி நின்றதும் உண்மை. அப்படியானால் இரவு பதினொரு மணிக்கு இருந்த பாடம் காலை ஆறு மணிக்குள் எங்கே போயிற்று? இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வரும் நமக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்பதே வெட்கமாக இருந்தது. பிள்ளைகளின் நினைவாற்றலை வைத்தே தொழில் செய்யும் நாம், நினைவு என்பது எப்படி இயங்குகிறது என்று ஒரு நாளும் கேட்டறிந்ததில்லை. அதன் பிறகு படித்தும், கற்றோரிடம் கேட்டும், நம் வகுப்பிலேயே கவனித்தும் அறிந்துகொண்ட சிலவற்றைப் பெற்றோர்களின் பார்வைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளை ஒரு பெட்டி அன்று

நாம் பொதுவாக மூளையை ஒரு பெட்டியைப் போல எண்ணிக்கொள்கிறோம். உள்ளே வைத்த பொருள் உள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அதை வைக்கவே இல்லை என்று பொருள். இந்த எண்ணம் தவறானது.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் ஒன்றைக் கற்கும்போது இந்த நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் மாறுகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்பு வலுப்படுகிறது, பயன்படாதது நலிகிறது. வயல்வெளியில் ஆள் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாகிறதல்லவா? நடப்பதை நிறுத்தினால் புல் மூடிவிடுகிறது. மனனம் என்பது பாதை போடுவதைப் போன்றது.

புதிதாகக் கற்பது நினைவில் ஊன்றுவதற்கு மூளையின் உட்புறத்தில் காதுக்கு நேராக அமைந்துள்ள ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்பு இன்றியமையாதது. இதை உலகம் அறிந்தது ஒரு மனிதரின் துயரத்தால். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மோலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. 1953ஆம் ஆண்டு, அவருடைய 27ஆம் வயதில், அதற்கான அறுவைச் சிகிச்சையில் இரு புறமும் ஹிப்போகாம்பஸின் பெரும் பகுதியை அகற்றிவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பின் நிகழ்ந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியாமல் போயிற்று. சற்று முன் பேசிச் சென்ற மருத்துவர் திரும்பி வந்தால் புதிய மனிதரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். 2008இல் இறக்கும் வரை அப்படியே வாழ்ந்தார்.

இன்னொரு வியப்பும் அவரிடம் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவருடைய கை தேர்ந்துகொண்டே வந்தது. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! செய்தியை நினைவில் வைப்பது வேறு, பழக்கம் படிவது வேறு என்பதும், இரண்டும் மூளையில் ஒரே வழியில் நடப்பதில்லை என்பதும் இதனால் தெளிவாயிற்று.

நம் வீடுகளிலும் இதைக் காணலாம். ஃபாத்திஹா ஓத நாம் யோசிப்பதில்லை. நா தானே ஓதிவிடுகிறது. ஆனால் அதன் நான்காவது ஆயத்தை மட்டும் தனியே சொல்லச் சொன்னால், முதலிலிருந்து மனத்துக்குள் ஓதிப் பார்த்துத்தான் பலரும் விடை சொல்வர். பழகிய வரிசை ஒன்றையொன்று இழுத்து வருகிறது. புதிய பாடம் கொண்டு வரும் பிள்ளைக்கு அந்த வரிசை இன்னும் படியவில்லை. அவன் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடித்தான் எடுக்கிறான்.

மறதி என்பது இயல்பு

நினைவையும் மறதியையும் முதன்முதலில் அளந்து எழுதியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதித் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவிப்போயிருந்தது. ஒரு நாள் கழிந்தபின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்துவிட்டது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால், ஒரே மூச்சில் படிப்பதைவிடக் குறைந்த உழைப்பில் நிலைக்கிறது என்பதையும் அவர் கண்டார்.

குர்ஆன் வசனம் பொருளற்ற அசை அன்று. ஓசையும் ஒழுங்கும் உள்ள இறைவாக்கு. ஆயினும் அரபு மொழி அறியாத நம் பிள்ளை அதைத் தொடக்கத்தில் பெரிதும் ஒலியாகத்தான் பிடிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழில் ஒரு பாட்டை மனனம் செய்யும் பிள்ளைக்குப் பொருள் கைகொடுக்கும். நம் ஹிஃப்ழு மாணவனுக்கு அந்தத் துணையும் இல்லை.

இந்த மறதியை மார்க்கம் அறியாததா? இல்லை. குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டிவைக்கப்பட்ட ஒட்டகங்களின் உரிமையாளருக்கு ஒப்பிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். கவனித்துவந்தால் அவை நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும் என்ற கருத்துப்பட அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. ஒட்டகம் அவிழ்த்துக்கொண்டு ஓடுவது அதன் இயல்பு. ஓடாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. பதினோரு வயதுப் பிள்ளையின் ஒட்டகத்துக்குக் கயிறு முறுக்கித் தர வேண்டிய பொறுப்பு உஸ்தாதுக்கும் பெற்றோருக்கும் அல்லவா இருக்கிறது?

அந்தக் கயிற்றை நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள். மதரஸாக்களில் நெடுங்காலமாகப் போற்றப்படும் 'தஅலீமுல் முதஅல்லிம்' என்ற நூலை இயற்றிய இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே மாணவனுக்கு ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றைய பாடத்தை ஐந்து முறை ஓத வேண்டும், அதற்கு முந்தைய நாள் பாடத்தை நான்கு முறை, அதற்கும் முந்தியதை மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. எப்பிங்ஹவுஸ் அளந்து சொன்ன மறதியின் வேகத்துக்கு இது எவ்வளவு பொருத்தமான மருந்து என்று பாருங்கள். மறதி விரைந்து நிகழும் முதல் நாட்களில் ஓதல் மிகுதியாகவும், வேகம் குறையும்போது ஓதலும் குறைவாகவும் அமைந்திருக்கிறது. நாமோ புதிய சபக்கை மட்டும் துரத்திக்கொண்டிருந்தோம். பிள்ளை எத்தனை ஜுஸ்உ முடித்தான் என்று பெற்றோர் கேட்கிறார்கள். எத்தனை ஜுஸ்உ அவனிடம் தங்கியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் தௌர் தேய்ந்துபோயிற்று.

பார்த்து ஓதுவதும் பாராமல் ஓதுவதும்

பாடம் பண்ணுகிறேன் என்று பிள்ளை குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது முறை பார்த்தே ஓதும். முப்பதாவது முறை தங்குதடையின்றி வரும். பாடமாகிவிட்டது என்று மூடிவைக்கும். பார்த்து ஓதுவதற்கு நன்மை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் மனனத்துக்கு அது மட்டும் போதாது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் படித்தபின் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர்.

நமது மரபும் இதுவே. ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து குர்ஆனை ஓதிப் பரிமாறிக்கொள்வார்கள். நபியவர்கள் உலகைப் பிரிந்த ஆண்டில் அது இருமுறை நடந்தது. ஓதிக் காட்டுவதும் கேட்பதும் இன்று வரை ஹிஃப்ழின் உயிராக இருக்கின்றன. எனவே வீட்டில் பிள்ளை "பாடம் பண்ணிவிட்டேன்" என்றால், "இப்படி உட்கார், எனக்கு ஓதிக் காட்டு" என்று சொல்லுங்கள். நீங்கள் ஹாஃபிழாக இருக்க வேண்டியதில்லை. முஸ்ஹஃபைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிள்ளை தடுமாறும் இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். அந்தத் தேடலிலேதான் பாதை வலுப்படுகிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். ஒரு சூராவை ஓதிக்கொண்டே வரும் பிள்ளை திடீரென்று வேறொரு சூராவுக்குள் போய்விடும். "கவனம் எங்கே?" என்று சினப்போம். உண்மையில் அது கவனக்குறைவு மட்டும் அன்று. ஒத்த சொற்களால் அமைந்த ஆயத்துகள் குர்ஆனில் பல இடங்களில் வருகின்றன. மூளை ஒற்றுமையைக் கொண்டே ஒன்றோடொன்றைத் தொடுக்கிறது; இரண்டு பாதைகள் சந்திக்கும் முச்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. தராவீஹில் தேர்ந்த ஹாஃபிழ்களுக்கே இது நேர்கிறது. பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்கிறார். இமாமுக்கு எடுத்துக் கொடுக்கும் நாம், சிறுவனை மட்டும் ஏன் அடிக்கிறோம்? அத்தகைய இரண்டு இடங்களையும் அருகருகே வைத்து, வேறுபடும் சொல் எது என்று காட்டிக் கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் பெரிதும் நீங்குவதை நம் வகுப்பிலேயே கண்டோம்.

உறக்கமும் ஒரு பாடமே

அந்தத் தாயின் சொல்லில் நாம் அன்று கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு: "ராத்திரி பதினொரு மணி வரைக்கும்." அந்தச் சிறுவன் மறுநாள் நான்கரை மணிக்கு எழுந்திருக்கிறான். ஐந்தரை மணி நேர உறக்கம்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. உறக்கத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. பகலில் கற்றவற்றை ஹிப்போகாம்பஸ் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்து, மூளையின் மேற்புறணியில் நிலைபெறச் செய்கிறது என்பதற்கு ஆய்வுகள் பல சான்றுகள் தருகின்றன. உறக்கம் குறைந்தால் நேற்றுக் கற்றதும் உறுதிப்படாது; இன்று கற்க வேண்டியதில் கவனமும் நிற்காது. கண்விழித்துப் பாடம் பண்ணிய பிள்ளை, பாடத்தை உறுதிப்படுத்தும் நேரத்தையே விலையாகக் கொடுத்துவிட்டது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது நாம் அறிந்த ஹதீஸ். இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற இளம் நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், நம் வீடுகளில் நள்ளிரவு வரை ஒளிரும் கைப்பேசிக்கு என்ன சொல்வது? பகலுறக்கமாகிய கைலூலாவும் ஸஹாபாக்களின் வழக்கமாக இருந்ததே. அதைச் சோம்பல் என்று நம் விடுதிகளிலிருந்து விரட்டிவிட்டோம்.

அச்சம் எதைக் கற்பிக்கிறது?

இனி, சொல்வதற்கு நமக்கே கடினமான செய்திக்கு வருகிறோம்.

மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்து என்று அது உணர்ந்தால் உடலையே அவசர நிலைக்குக் கொண்டுபோய்விடும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், மன அழுத்த சுரப்புகள் இரத்தத்தில் ஏறும். அந்நேரத்தில், சிந்தித்துத் தேடி எடுக்கும் முன்மூளையின் வேலை தடுமாறும். முந்தைய இரவு தெளிவாகத் தெரிந்திருந்ததும் நாவுக்கு வராது. பெரியவர்களாகிய நாமே நேர்முகத் தேர்வில் அமரும்போது தெரிந்த விடையையும் மறந்து விழிப்பதில்லையா? பிரம்பு மேசைமேல் இருக்க, முன்னவன் அழுதுகொண்டு எழுந்து போக, அடுத்து வந்து அமரும் சிறுவனின் நிலை அதுதான். மறந்ததற்காக அவனை அடித்தோம். அடிப்போம் என்ற அச்சத்தாலேயே அவன் மறந்தான்.

அச்சம் வேறொன்றையும் செய்கிறது. அச்சுறுத்திய நிகழ்ச்சியை மூளை ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. நம்மிடம் ஓதி, பாதியிலேயே ஹிஃப்ழை விட்டுச் சென்ற ஒரு மாணவனைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் சந்தித்தோம். ஸலாம் சொல்லி, தேநீர் வரவழைத்து அன்பாகவே பேசினான். "எத்தனை ஜுஸ்உ வரை ஓதினாய்?" என்று கேட்டோம். "எட்டு ஜுஸ்உ ஹஜ்ரத்" என்றான். "இப்போது?" என்றோம். சிறிது நேரம் கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தபடி சொன்னான்: "பிரம்பு ஞாபகமிருக்கு ஹஜ்ரத். பாடம்தான் ஞாபகமில்லை."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்குத்தான் தேநீர் இறங்கவில்லை. நாம் அவனுக்கு உண்மையில் எதைக் கற்பித்தோம் என்று எண்ணியபடியே திரும்பி வந்தோம். மறுவாரம் மீண்டும் சென்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

சமூகவியலின் முன்னோடி என்று உலகம் போற்றும் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், மாணவரிடம், குறிப்பாகச் சிறுவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்காகும் என்பதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அடக்குமுறையில் வளரும் பிள்ளை உற்சாகம் இழக்கும், சோம்பலுக்கும் பொய்க்கும் பழகும் என்பது அவர்களின் கருத்து. எதை ஒழிப்பதாக எண்ணிப் பிரம்பெடுக்கிறோமோ அதையே பிரம்பு வளர்க்கிறது. இதற்கெல்லாம் மேலாக, சிறு வயதிலேயே பணிவிடைக்கு வந்து சேர்ந்து, பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுடன் இருந்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை நோக்கி ஒரு தடவைகூட நபியவர்கள் 'சீ' என்று சொன்னதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம், பிரம்பு பக்கத்தில் இருக்கும்போதே!

நம் மறதிக்கு ஒரு நியாயம், பிள்ளையின் மறதிக்கு ஒரு நியாயமா?

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறோம். எதை எடுக்க அறைக்குள் வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறோம். மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தொழுகையிலேயே ஐயுறுகிறோம். இவற்றுக்காக யாரும் நம்மை அடிப்பதில்லை. மாறாக, மார்க்கம் ஸஜ்தா ஸஹ்வைக் கற்றுத் தந்திருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டிலேயே முடித்து ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட நபித்தோழர், தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று வினவினார். நபியவர்கள் உடனிருந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, விடுபட்டதைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள். மறதிக்கு விடை தண்டனை அன்று. நினைவூட்டலும் விடுபட்டதை நிறைவு செய்தலுமே. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தாகிய அல்பகராவின் 282ஆவது ஆயத் பணிப்பதும் மனிதனின் நினைவு நழுவக்கூடியது என்பதனால் அன்றோ?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இன்றைய ஆய்வாளர் கண்டதையெல்லாம் நாம் முன்பே சொல்லிவிட்டோம் என்று பெருமை பேசுவதற்காக இவற்றை எழுதவில்லை. ஆய்வு நாளை திருத்தப்படலாம். மார்க்கத்துக்கு அதன் சான்றிதழ் தேவையில்லை. நம் வருத்தம் வேறு. இரக்கத்தின் வழி நம் கையிலேயே இருந்தும் அதை விட்டுவிட்டோம். அதை நினைவூட்ட ஓர் ஆய்வு வேண்டியதாயிற்று.

"அடி வாங்கித்தானே நாங்கள் ஹாஃபிழ் ஆனோம்?" என்று நம் தோழர்களான உஸ்தாதுகள் சிலர் கேட்பார்கள். நாமும் அப்படித்தான் ஓதினோம். ஆனால் நாம் தங்கியவர்கள். ஓடிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோமா? நம் அணியில் முப்பது பேர் சேர்ந்தோம். முடித்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரைக் காட்டிப் பிரம்பைப் புகழ்கிறோம். மீதி இருபத்துநான்கு பேரைப் பற்றிப் பிரம்பிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

"அப்படியானால் சோம்பேறித்தனத்தைக் கண்டிக்கவே கூடாதா?" என்று பெற்றோர் கேட்கலாம். கண்டிக்க வேண்டும். விளையாட்டில் பாடத்தைத் தொடாமலேயே வரும் பிள்ளை உண்டு; அவனுக்கு ஒழுங்கு தேவை. விளையாட்டு நேரத்தைக் குறைக்கலாம், உட்கார்த்தி வைத்துப் பாடம் பண்ணச் செய்யலாம். ஆனால் பாடம் பண்ணாத பிள்ளையையும், பண்ணியும் மறந்த பிள்ளையையும் ஒன்றாகப் பாவிப்பது அநீதி. இரண்டையும் பிரித்தறிவது உஸ்தாதின் கடமை. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரை இன்றும் பார்க்கிறோம். அன்பு கூர்ந்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அது உஸ்தாதின் கோபத்துக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதிச் சீட்டு.

நாம் மாற்றிக்கொண்டவை

நம் வகுப்பில் சில மாற்றங்களைச் செய்தோம். பிரம்பு இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. காலை ஐந்து மணிக்கு எழுப்புதல். லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம் கைலூலா. புதிய சபக்கின் அளவைக் குறைத்தோம். இமாம் ஸர்னூஜியின் கணக்கில் பழைய பாடங்களை ஓதவைக்கிறோம். நீண்ட ஆயத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறோம். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, பாராமல் ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுகிறார்கள். சபக்கின் அன்று தமிழில் அதன் பொருளை ஐந்து நிமிடம் சொல்கிறோம்.

எல்லாம் எளிதாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். "வேகம் குறைந்துவிட்டது" என்று சில பெற்றோர் பிள்ளைகளை வேறிடத்தில் சேர்த்தார்கள். மூன்றாண்டில் முடிப்பவன் நான்காண்டு எடுக்கிறான் என்பதும் உண்மை. ஆனால் முடித்த பின் அவனிடம் குர்ஆன் இருக்கிறது. இடையில் விட்டுச் செல்வோரும் குறைந்திருக்கிறார்கள்.

அன்று சூரத்துந் நஹ்லில் நின்றுபோன அந்தச் சிறுவன் கடந்த ரமளானில் நம் மஹல்லாவில் தராவீஹ் தொழவைத்தான். பதினான்காவது ஜுஸ்உ ஓதிய இரவு அதே பக்கம் வந்தது. அதே மூன்றாவது ஆயத்தில் ஒரு கணம் நின்றான். பின் வரிசையில் நின்றிருந்த நமக்கு நெஞ்சு ஒரு முறை அடித்து நின்றது. எடுத்துக் கொடுக்க வாய் திறப்பதற்குள் அவனே தொடர்ந்துவிட்டான். தொழுகை முடிந்து அருகில் வந்தவன், "அந்த இடத்துக்கு வந்தால் இன்னும் கை குளிர்ந்துவிடும் ஹஜ்ரத்" என்றான்.

நாம் பதித்தது அது. அழிக்க நம்மால் இயலாது. இனி வரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றைப் பதிக்காமல் இருக்க முடியும்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் நெஞ்சங்களில் உன் வேதத்தை அச்சமின்றி அன்போடு நிலைபெறச் செய்வாயாக. அவர்கள் மறந்ததை நினைவூட்டும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. நாங்கள் அவர்களுக்கு இழைத்தவற்றை மன்னிப்பாயாக. ஆமீன்.